சாய்வுச் சோதனையை மறுபடி செய்யவைத்த என் அறிக்கை

கப்பலில் எந்தக் குறையும் இல்லை. சோதனையும் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனாலும் கப்பலை ஒப்படைப்பது 19 நாள் தள்ளிப்போனது. ஒரு நாள் கப்பலில் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அதே சோதனையை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அந்த வருடம் எனக்கு வரவேண்டிய ஊதிய உயர்வும் வரவில்லை. இதற்கெல்லாம் காரணம் நான் எழுதிய 41 பக்க அறிக்கை. கப்பல் கட்டும் தளத்தில் புதிதாகச் சேர்ந்து, கையில் ஒரு பழைய கோப்பைக் கொடுத்து "இதே மாதிரி ஒரு ரிப்போர்ட் எழுதிடும்மா" என்று சொல்லப்பட்டு, கேட்கவும் ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு அப்போது இதையெல்லாம் சொல்ல யாரும் இல்லை.

அது சாய்வுச் சோதனை பற்றிய அறிக்கை. யார்டில் இன்க்ளைனிங் என்போம். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பலை வரைபடத்தில் போடும்போதே அதன் எடையையும் புவியீர்ப்பு மையத்தையும் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆனால் கட்டி முடிக்கும்போது வெல்டிங், பெயின்ட், குழாய், கேபிள் என்று எல்லாம் சேர்ந்து நிஜ எடை கொஞ்சம் மாறியிருக்கும். மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைத் தராசில் வைத்துப் பார்க்க வழியில்லை. அதனால் எடை தெரிந்த கட்டிகளை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்தி, கப்பல் எவ்வளவு சாய்கிறது என்று ஊசல் தொங்கவிட்டு அளப்போம். நகர்த்திய எடையை நகர்ந்த தூரத்தால் பெருக்கி, வந்ததைக் கப்பலின் மொத்த எடையாலும் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்டாலும் வகுத்தால் ஜிஎம் கிடைக்கும், அதாவது சாய்ந்த கப்பல் தானே நிமிர எவ்வளவு தெம்பு வைத்திருக்கிறது என்று மீட்டரில் காட்டும் அளவு. அதிலிருந்து மையத்தின் உயரம். கேப்டன் கையில் இருக்கும் நிலைத்தன்மைக் கையேடு முழுவதும் இந்த ஒரு நாள் அளவீட்டின் மேல்தான் நிற்கிறது. கப்பல் ஓடும் காலம் முழுக்க எவ்வளவு சரக்கை எங்கே ஏற்றலாம் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

சோதனை நாள் நன்றாகவே போனது. காற்றில்லாத அதிகாலை. கட்டியிருந்த கயிறுகளைத் தளர்த்தி, தேவையில்லாத ஆட்களை எல்லாம் கரைக்கு அனுப்பியாகிவிட்டது. மூன்று ஊசல்கள், ஆட்டம் அடங்குவதற்காக ஒவ்வொன்றின் குண்டும் எண்ணெய்த் தொட்டிக்குள். எடையை எட்டு முறை நகர்த்தினோம். சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் 2008ஆம் ஆண்டு நிலைத்தன்மை விதித்தொகுப்பில் சொல்லியிருக்கிற மாதிரி சாய்வு 1 டிகிரிக்கும் 4 டிகிரிக்கும் இடையில் இருந்தது. ஊசல் ஒவ்வொரு பக்கமும் 15 சென்டிமீட்டருக்கு மேல் விலகியது. நேரில் வந்திருந்த கிளாஸ் (கப்பல் விதிப்படி இருக்கிறதா என்று பார்த்துச் சான்று தரும் அமைப்பு) சர்வேயர் அளவுத்தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். என் துறைத் தலைவர் அன்று மாலையே நீண்ட விடுப்பில் கிளம்பினார். அறிக்கை என் பொறுப்பு.

நான்கு நாள் வேறு வேலைகள் இருந்ததால் தொடவே இல்லை. அப்புறம் முந்தைய கப்பலின் அறிக்கையைத் திறந்து, பெயரை மாற்றி, எண்களை மாற்றி, பத்தி பத்தியாக நிரப்ப ஆரம்பித்தேன். ஐந்து நாள், தினமும் இரவு ஒன்பது மணி வரை. முதல் ஆறு பக்கம் கப்பலின் விவரங்களும் சோதனையின் கோட்பாடும். முடிவு 33ஆம் பக்கத்தில். பக்கம் கூடக் கூட எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். தடிமனாக இருந்தால் உழைத்திருக்கிறேன் என்று தெரியும் என நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, வரைபடங்களையும் அறிக்கைகளையும் சரிபார்க்கும் கிளாஸ் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஒப்புதல் இல்லை. 23 கேள்விகள். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை சில்லிட்டுப் போனது. அன்று யாரிடமும் சொல்லவில்லை. அதுவே பெரிய தவறு. ஒரு நாள் முழுக்க நானே சமாளித்துவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் அதே மணி நேரத்தில் திட்ட மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். தாமதமானால் நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே அபராதம் எழுதியிருப்பார்கள். கடிதத்தை ஒரு நாள் பூட்டிவைப்பது அந்த அபராதத்தில் ஒரு நாளைச் சேர்ப்பதுதான்.

23 கேள்விகளில் இருபதுக்கு அரை நாளில் பதில் எழுதிவிட்டேன். மீதி மூன்றுதான் என்னை உலுக்கின.

முதலாவது, நீரின் அடர்த்தி. கப்பல் எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கிறது என்பதிலிருந்து அடியில் இடம்பெயர்ந்த நீரின் கனஅளவு கிடைக்கும். அதை அடர்த்தியால் பெருக்கினால்தான் கப்பலின் எடை. எங்கள் யார்டு ஆற்று முகத்துவாரத்தில் இருப்பதால் அங்கே நீர் முழுக் கடல்நீரும் இல்லை, நன்னீரும் இல்லை. அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரில் நாங்கள் எடுத்தது கன மீட்டருக்கு 1.008 டன். அளவுத்தாளில் அப்படியே இருந்தது. ஆனால் அறிக்கையின் 14ஆம் பக்கத்தில் 1.025 என்று இருந்தது. பழைய கப்பலின் அறிக்கையிலிருந்து மாற்றாமல் விட்ட எண். 4000 கன மீட்டர் கனஅளவுக்கு அந்த 0.017 வித்தியாசம் 68 டன். கணக்கில் நான் எதைப் பயன்படுத்தினேன் என்று கேட்டிருந்தார்கள். ஓர் அட்டவணையில் ஒன்று, இன்னோர் அட்டவணையில் மற்றொன்று. பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

இதிலிருந்து நான் இரண்டு பழக்கங்களை எடுத்துக்கொண்டேன். நிரப்பிய பழைய அறிக்கையை ஒருபோதும் மாதிரியாகத் திறப்பதில்லை. எண்கள் எல்லாவற்றையும் அழித்து, அந்த இடத்தில் சிவப்பில் "நிரப்பவும்" என்று போட்ட வெற்றுப் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். மறந்துவிட்டால் சிவப்பாகக் கண்ணில் குத்தும். பழைய எண் குத்தாது, நல்ல பிள்ளை மாதிரி அங்கேயே உட்கார்ந்திருக்கும். அடுத்தது, ஓர் எண் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். அடர்த்தி இரண்டாம் அட்டவணையில் இருந்தால், மற்ற இடங்களில் "அட்டவணை 2இல் உள்ள அடர்த்தி" என்று மட்டும் எழுதுங்கள். ஏழு இடத்தில் தட்டச்சு செய்தால் ஏழிலும் திருத்த வேண்டும், ஆறில்தான் திருத்துவோம். கூடவே அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதும் வேண்டும்: கப்பலின் முன்பக்கம், நடு, பின்பக்கம் என எந்த இடங்களில், என்ன ஆழத்தில், எத்தனை மணிக்கு நீர் எடுத்தீர்கள், எந்தக் கருவி. முகத்துவாரத்தில் ஏற்றவற்றத்தோடு அடர்த்தியும் மாறும். மணி இல்லாத அடர்த்தி பாதி எண்தான்.

இரண்டாவது, மூன்றாம் ஊசல். நடுவில் இரண்டு நகர்த்தல்களில் அதன் குண்டு எண்ணெய்த் தொட்டியின் சுவரில் உரசிக்கொண்டிருந்தது. நாங்கள் அங்கேயே கவனித்துச் சரிசெய்தோம். அறிக்கை எழுதும்போது, அந்த இரண்டு புள்ளிகள் மட்டும் வரைகோட்டில் நேர்க்கோட்டை விட்டு விலகி அசிங்கமாகத் தெரிந்ததால் எடுத்துவிட்டேன். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. படிப்பவருக்குக் குழப்பம் வேண்டாமே என்றுதான். ஆனால் கையெழுத்தான அளவுத்தாளில் 24 அளவுகள், என் அட்டவணையில் 22. பார்ப்பவர் என்ன நினைப்பார்? விலகிய புள்ளியை அப்படியே போட்டு, பக்கத்தில் "குண்டு தொட்டிச் சுவரில் உரசியது, கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் ஜிஎம் இவ்வளவு மாறும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் கேள்வியே வந்திருக்காது. கெட்ட அளவை மறைத்தால் நல்ல அளவுகளையும் சந்தேகப்படுவார்கள்.

மூன்றாவதுதான் எங்களைக் கவிழ்த்தது. சோதனையின்போது கப்பலில் அதற்குச் சொந்தமில்லாத பொருட்கள் இருக்கும்: சாரம், வெல்டிங் எந்திரங்கள், கருவிப்பெட்டிகள். இவற்றின் எடையையும் இடத்தையும் பட்டியல் போட்டுக் கழிக்க வேண்டும். இன்னும் பொருத்தாத பொருட்களைச் சேர்க்க வேண்டும். பொதுவாகக் கழிப்பவை வெற்றுக் கப்பலின் (சரக்கு, எரிபொருள், தொட்டி நீர் எதுவும் இல்லாத கப்பல்) எடையில் 4 சதவீதத்தையும், சேர்ப்பவை 2 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. எங்களுக்கு இரண்டும் எல்லைக்குள்தான் இருந்தன. ஆனால் நான் எழுதியிருந்தது: "சாரம் மற்றும் இதர தற்காலிகப் பொருட்கள், சுமார் 40 டன்." அவ்வளவுதான். எந்தத் தளத்தில், எந்த ஃப்ரேமில் (கப்பலின் விலா எலும்பு போல வரிசையாக எண்ணிட்ட சட்டங்கள்), என்ன உயரத்தில் என்று எதுவும் இல்லை.

அந்தப் பட்டியலைத் தேடி சாரம் கட்டும் ஃபோர்மேனிடம் ஓடினேன். "அண்ணே, அன்னிக்கு எந்தெந்த இடத்துல எவ்வளவு சாரம் இருந்துச்சு, கணக்கு இருக்கா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "சாரமா? அது போன வாரமே இறக்கியாச்சேம்மா. பாதி அடுத்த கப்பலுக்குப் போயிடுச்சு. அன்னிக்கே கேட்டிருந்தா கூட நடந்து ஒவ்வொண்ணா சொல்லியிருப்பேனே." அந்த நேரத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சொன்னது உண்மை. அன்று ஒரு மணி நேரம் அவரோடு நடந்திருந்தால் போதும்.

40 டன் என்ன பெரிய எடையா என்று எனக்கும் முதலில் தோன்றியது. போட்டுப் பார்த்தேன். அது நான் நினைத்த இடத்தை விட 7 மீட்டர் மேலே இருந்திருந்தால் 280 டன்-மீட்டர் வித்தியாசம். வெற்றுக் கப்பலின் எடை ஏறத்தாழ 3500 டன். வகுத்தால் 0.08 மீட்டர், அதாவது புவியீர்ப்பு மையம் 8 சென்டிமீட்டர் தள்ளிப்போகிறது, ஜிஎம்மும் அதே அளவு மாறும். அதே ஐஎம்ஓ விதித்தொகுப்பு ஜிஎம்முக்குக் குறைந்தபட்சம் 0.15 மீட்டர் வேண்டும் என்கிறது. என்னுடைய "சுமார்" என்ற ஒரு சொல்லுக்குள் அதில் பாதிக்கு மேல் ஒளிந்துகொண்டிருந்தது. கிளாஸ் மறுசோதனை கேட்டது, கேட்டது நியாயம்.

அந்த மறுசோதனைக்கு இன்னொரு விலையும் இருந்தது. சோதனை நேரத்தில் கப்பலில் யாரும் வேலை செய்ய முடியாது. நிரந்தர ஊழியர்களுக்குச் சம்பளம் உண்டு. ஒப்பந்தத்தில் நாள்கூலிக்கு வரும் பெயின்டர்களும் கிரைண்டர்களும் அன்று வேலையில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் இருவர் எனக்குத் தெரிந்தவர்கள். ஊதிய உயர்வு போனது சில மாதங்களில் ஆறிவிட்டது. அந்தக் காலைநேரத்தின் வலி இன்னும் ஆறவில்லை.

மறுசோதனைக்குக் காத்திருந்த வாரத்தில் ஸ்வீடனின் வாசா கப்பலைப் பற்றிப் படித்தேன். 1628 ஆகஸ்ட் 10 அன்று, முதல் பயணத்தில், ஸ்டாக்ஹோம் துறைமுகத்துக்குள்ளேயே கவிழ்ந்து மூழ்கிய போர்க்கப்பல். புறப்படும் முன்பே ஒரு சோதனை நடந்திருக்கிறது: முப்பது பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டார்கள். மூன்று ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, அங்கிருந்த தளபதி நிறுத்தச் சொல்லிவிட்டார். அளந்தார்கள், கண்ணால் பார்த்தார்கள். ஆனாலும் கப்பல் கிளம்பியது. தெரிந்த விஷயம் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் கப்பலை நிறுத்தும் சொல்லாக மாறவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதுவரை அறிக்கை என்பது வேலை முடிந்தபின் செய்யும் எழுத்துவேலை என்று நினைத்திருந்தேன். உண்மையில் அறிக்கை போய்ச் சேரும் வரை சோதனை முடியவில்லை.

கேள்வி அனுப்பிய கிளாஸ் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியதுதான் எனக்குக் கிடைத்த பெரிய உதவி. தயங்கித் தயங்கித்தான் அழைத்தேன். அவர் கோபப்படவில்லை. "நான் அந்தக் கப்பல்ல இல்ல மேடம். நீங்க எழுதினது மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்றார். தான் முதலில் தேடுவது எதை என்றும் சொன்னார்: வெற்றுக் கப்பலின் எடை, நீளவாக்கில் மையம், உயரத்தில் மையம், கழித்ததும் சேர்த்ததும் எவ்வளவு, ஏதாவது அசாதாரணமாக நடந்ததா. இந்த ஐந்தும் ஒரே பக்கத்தில், முதல் பக்கத்தில் இருந்தால் மீதியை அவர் சரிபார்க்க மட்டுமே படிப்பார். என் 41 பக்கத்தில் அவற்றைக் கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு காலைப்பொழுது ஆகியிருக்கிறது. சோதனையின் கோட்பாட்டை அவருக்கே நான் ஆறு பக்கத்தில் விளக்கியிருந்தேன்!

இப்போது எந்த அறிக்கையாக இருந்தாலும், அது வெல்டிங் பரிசோதனையோ டேங்க் ஆய்வோ, முதல் பக்கத்தைக் கடைசியில் எழுதுகிறேன். என்ன பார்த்தோம், என்ன தெரிந்தது, அதனால் யார் என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள். திட்ட மேலாளர் அதற்கு மேல் படிக்கமாட்டார், படிக்கவும் தேவையில்லை. கப்பல் உரிமையாளரின் பிரதிநிதி அதோடு படங்களைப் பார்ப்பார். கிளாஸ் அட்டவணைகளுக்குப் போகும். ஃபோர்மேனுக்கு வேண்டியது இடம் மட்டும்.

இடம் என்றதும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் யார்டில் இன்னொருவர் எழுதிய ஓர் அறிக்கையில் "ஃப்ரேம் 62 அருகே விரிசல்" என்று மட்டும் இருந்தது. படித்த வெல்டர்கள் ஸ்டார்போர்டு (வலது) பக்கத்தில் நல்ல வெல்டைத் தோண்டிவிட்டார்கள். விரிசல் இருந்தது போர்ட் (இடது) பக்கத்தில். இரண்டு நாள் வேலையும், பின்னால் இருந்த டேங்கின் பெயின்டும் போனது. வணிகக் கப்பல்களில் பெரும்பாலும் ஃப்ரேம் எண்ணைப் பின்பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் முன்பக்கத்திலிருந்து. பழுதுபார்க்கும் யார்டில் இரண்டும் வரும். அதனால் எண்ணும் திசையை முதல் பக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பிறகு டேங்கின் பெயர், ஃப்ரேம், எந்தப் பக்கம், எந்தத் தகடு, அருகில் உள்ள நிலையான பாகத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர். படம் எடுத்தால் அளவுகோலை வைத்து ஒன்று, தூரத்திலிருந்து ஒன்று. சாக்பீஸில் ஃப்ரேம் எண்ணும் கப்பலின் முன்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறியும். கிட்டத்தில் எடுத்த விரிசலின் படம் உலகத்தில் எந்தக் கப்பலுடையதாகவும் இருக்கலாம்.

சில சொற்களை நான் அடியோடு விட்டுவிட்டேன். "திருப்திகரம்", "சுமார்", "தேவையான நடவடிக்கை எடுக்கப்பட்டது". கடைசியில் உள்ளதுதான் மிக மோசம். யார் எடுத்தார்கள்? என்ன எடுத்தார்கள்? பார்த்தது யார்? "குழு 3 வெல்டை வெட்டியெடுத்து மறுபடி வெல்டு செய்தது, மறுநாள் அல்ட்ராசானிக் பரிசோதனையில் குறை இல்லை" என்று எழுதினால் நீளம் கொஞ்சம்தான் கூடும், தொலைபேசி அழைப்புகள் பத்து குறையும். அளவுக்கு அலகும், எதோடு ஒப்பிட வேண்டுமோ அந்த எல்லையும் சேர்ந்தே வர வேண்டும்: அளந்தது 11.2 மில்லிமீட்டர், அனுமதித்த குறைந்தபட்சம் 10.5. தனியாக 11.2 என்றால் படிப்பவர் தேடிக்கொண்டு போக வேண்டும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பயத்தில், அரை மாதச் சம்பளத்தைக் கட்டி ஒரு தொழில்நுட்ப எழுத்துப் பயிற்சியில் சேர்ந்தேன். இலக்கணமும் கடித நடையும் சொல்லிக்கொடுத்தார்கள். கப்பல் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. எனக்குப் பயன்படவில்லை. நிஜமான பாடம் எங்கள் ஆவண அறையில் இலவசமாகக் கிடந்தது: முந்தைய ஒன்பது கப்பல்களுக்குக் கிளாஸ் அனுப்பிய கேள்விக் கடிதங்கள். உட்கார்ந்து படித்தேன். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. சாரத்தின் எடை பற்றிய கேள்வி எனக்கு முன்பே நான்கு பேரிடம் கேட்கப்பட்டிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரத்திலேயே அந்தக் கடிதங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

மறுசோதனையின்போது ஃபோர்மேன் அண்ணனோடு முந்தின நாள் மாலை இரண்டு மணி நேரம் கப்பல் முழுக்க நடந்து, கப்பலுக்குச் சொந்தமில்லாத ஒவ்வொரு பொருளையும் எடை, ஃப்ரேம், பக்கம், உயரம் என்று குறித்தேன். 61 வரிகள். சோதனை முடிந்த அன்றே எழுத ஆரம்பித்து, இரவுக்குள் முக்கால்வாசி முடித்துவிட்டேன். நினைவில் இருக்கும்போது ஒரு மணி நேரத்தில் எழுதுவதை நான்கு நாள் கழித்து எழுத ஒரு நாள் ஆகும். அனுப்பும் முன், சோதனைக்கு வராத பைப்பிங் துறைத் தோழி ஒருத்தியிடம் கொடுத்து, எடை எவ்வளவு, எதைக் கழித்தோம், என்ன தவறு நடந்தது என்று மூன்றே கேள்வி கேட்டேன். மூன்றாவதை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை; அந்தப் பத்தியை மாற்றினேன். மொத்தம் 12 பக்கம், அட்டவணைகள் உட்பட. இரண்டு கேள்விகளோடு திரும்பி வந்தது, மறுநாளே பதில் போனது, ஒப்புதல் கிடைத்தது.

நான்கு வருடம் கழித்து அதே கப்பல் புதிதாக ஒரு கிரேன் பொருத்த வேறொரு யார்டுக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து ஓர் இளம் பொறியாளர் அழைத்தார். என் அறிக்கையை வைத்தே புதிய கணக்கைப் போட்டுவிட்டதாகவும், ஒரே ஒரு சந்தேகம் என்றும் சொன்னார்: பல்லாஸ்ட் டேங்குகளில் (கப்பலைச் சமநிலைப்படுத்த நீர் நிரப்பும் தொட்டிகள்) நீரின் ஆழத்தை எந்த சவுண்டிங் குழாய் வழியாக அளந்தோம், முன்பக்கத்து குழாயிலா பின்பக்கத்து குழாயிலா? கப்பல் நீளவாக்கில் கொஞ்சம் சாய்ந்திருந்தால் இரண்டிலும் வேறு அளவு வரும். நான் அதை எழுதியிருக்கவில்லை. நல்லவேளை, அன்றைய குறிப்பேடு இன்னும் என்னிடம் இருந்தது, பார்த்துச் சொன்னேன். படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன், சிவப்பில்.